எட்டு விநாடி காத்திருக்கும் மெஷின்

“வேற ஏதாவது இருக்கா அண்ணி?” என்று தம்பியின் மனைவி, அந்த வீட்டு மருமகள், பட்டறை சர்வரை மாற்றுவது பற்றி அன்றைக்குக் கேட்டதற்கு, “ஒண்ணும் இல்ல” என்று அக்கா சொன்னாளே, அந்தப் பதில் ஒன்பது நாளாக அவள் தொண்டையிலேயே நின்றது.

இருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருந்தது. வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டாள்.

அம்மாவுக்குச் சொந்தமான அந்தப் பட்டறையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அரைக்கிறார்கள். அறுபது கண்ணாடிக் கடைகள் ஆர்டர் அனுப்பும். இன்ன பவர், இன்ன அளவு என்று வந்ததும் சர்வர் கணக்குப் போட்டு மெஷினுக்கு அனுப்பும். மெஷின் அரைக்கும். அந்த சர்வரைப் பதினாலு வருஷமாகக் கட்டி மேய்த்தவள் அக்கா. பழைய சாமான் போட்டு வைத்த அறையைக் காலி செய்து, ஏசி மாட்டி, ஒவ்வொரு ஒயரிலும் தன் கையால் சீட்டு எழுதி ஒட்டியவள். ஐம்பது வயது மேஸ்திரிகூட அவளை ‘சர்வரக்கா’ என்றுதான் சொல்வார். கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் எட்டு மாசம் கடலில் இருப்பார். அதனால் அவளுக்கு வீட்டைவிடப் பட்டறைதான் வீடு.

நான்கு மாசம் முன்பு அந்த சர்வர் ஒன்றரை நாள் படுத்துவிட்டது. அறுபது கடையும் போன் போட்டுத் திட்டித் தீர்த்தன. அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் தம்பியின் மனைவி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், வாயைத் திறந்தாள்.

“எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திடலாம் அத்தை. வெளியில பெரிய கம்ப்யூட்டர்கள் வச்சிருக்கிறவங்ககிட்ட இடம் வாடகைக்கு எடுத்துக்கலாம். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எழுந்து நிக்கும்.”

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “பரவாயில்லையே” என்றாள்.

பதினாலு வருஷத்தில் அக்காவுக்குக் கிடைக்காத சொல் அது.

இன்றைக்கு அந்த மாற்றம் நடக்கிற நாள்.

காலை எட்டரைக்கே மருமகள் வந்துவிட்டாள். அவளுடைய மேஜை அம்மாவின் கண்ணாடி அறைக்குள், அம்மாவின் மேஜையை ஒட்டி. அக்காவின் மேஜை சர்வர் அறை வாசலில், ஏசியின் இரைச்சலில். யாரும் திட்டம் போட்டு அப்படிச் செய்யவில்லை. புது மேஜை வந்த அன்று அங்கேதான் இடம் இருந்தது. அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வயிறு எரிந்தது.

“ஒன்பது மணிக்குப் புதுசு ஓட ஆரம்பிச்சுடும். அப்புறம் பழைய சர்வரை நிறுத்திடலாமா அண்ணி?”

“நான் பார்த்துக்கறேன்.”

அக்கா உள்ளே போனாள். சர்வரின் திரையை மட்டும் அணைத்தாள். சர்வரை அணைக்கவில்லை. ‘ஒரு பாதுகாப்புக்கு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. எல்லோரும் திண்டாடி நிற்கும்போது தான் வந்து கைகொடுப்பது போல ஒரு காட்சி, ஒரு வாரமாக அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மீதி அதுதான்.

ஒன்பது மணிக்கு ஆர்டர்கள் வரத் தொடங்கின. சிக்கலே இல்லை. கடைக்காரர்களுக்குத் தங்கள் ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று அவரவர் போனிலேயே தெரிந்தது. பதினோரு மணிக்குள் ஏழு பேர் கூப்பிட்டுப் பாராட்டிவிட்டார்கள்.

“இனிமே போன் எடுத்து எடுத்து ‘ஆச்சா, ஆச்சா’ன்னு பதில் சொல்ற வேலை மிச்சம்” என்றாள் அம்மா. பட்டறை முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு நடந்ததுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அந்தக் கண்ணாடியை அவள் யாரையும் தொட விடமாட்டாள். துடைக்கக்கூடத் தானேதான் துடைப்பாள். “இந்தப் பக்கம் ஆணி தளர்ந்திருக்கு, பாரு” என்று அதை மருமகளிடம் நீட்டினாள். மருமகள் சின்ன திருப்புளியை வைத்து ஆணியை முறுக்கி, அம்மாவின் காதில் மாட்டிவிட்டாள். காதோரம் இருந்த நரைமுடியையும் ஒதுக்கிவிட்டாள்.

அக்கா தன் மேஜையில் இருந்த ஒரு தாளை எடுத்தாள். மடித்தாள். மறுபடியும் மடித்தாள். அது இன்றைக்கு வேண்டிய தாள் என்பது பிறகுதான் உறைத்தது.

தம்பி பக்கத்தில் வந்து நின்றான். “என்னக்கா, ஒரு மாதிரி இருக்கே?”

“ஏசி சத்தம். தலை வலிக்குது.”

“அவளுக்கு உன்மேல ரொம்ப மரியாதைக்கா. வீட்டுல உன் பேச்சுதான்.”

“என்ன பேச்சு?”

“அண்ணி மாதிரி யாருக்கும் வராதுன்னு.”

‘இதையும் நல்லபடியா பேசிட்டாளா’ என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். இப்படிப் புகழ்கிறவளை என்ன செய்வது?

பதினொன்றே முக்காலுக்கு ஒரு கடைக்காரர் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா போனை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்க விட்டாள்.

“ஒரு அவசரம்மா. மருந்துக்கடையில வேலை செய்யற பொண்ணு. ரெண்டு கண்ணும் மைனஸ் பதினாலு. காலையில பஸ்ல நெரிசல்ல கண்ணாடி விழுந்து யாரோ மிதிச்சுட்டாங்க. எப்படியோ தடவித் தடவி என் கடைக்கு வந்து சேர்ந்துட்டாங்க. இனிமே தனியா வீட்டுக்குப் போக முடியாது. வேலையும் ஓடாது. மருந்துச் சீட்டைப் படிக்கணுமே. கூட யாரும் இல்ல. இங்கயே உட்கார்ந்திருக்காங்க.”

“ரெண்டு மணிக்குள்ள அனுப்பறேன்” என்றாள் அம்மா.

மைனஸ் பதினாலுக்கு ஏற்ற அரைக்காத லென்ஸ் தினம் வேண்டியிருக்காது. அலமாரியில் மூன்றே மூன்று இருந்தன. அடுத்த சரக்கு வர ஒன்பது நாள் ஆகும். கண் இரண்டு, லென்ஸ் மூன்று. ஒன்று போனால்கூடச் சமாளிக்கலாம்.

மேஸ்திரி முதல் லென்ஸைப் பழைய மூன்றாம் மெஷினில் மாட்டினார். அவ்வளவு ஆழமாக அரைக்க அதுதான் சரி. பட்டனை அமுக்கினார். தண்ணீர் பீச்சியது. வெள்ளைத் தூள் பறந்தது.

அதே நேரம் பார்த்துத் தம்பி ஒரு நல்ல காரியம் செய்தான். பதினாலு வருஷத்துப் பழைய ஆர்டர்களையும் கிளவுடில் ஏற்றி வைத்துவிடலாம், மனைவிக்கு ஒரு வேலை குறையும் என்று, யாரையும் கேட்காமல் ஏற்றத் தொடங்கினான். பட்டறையின் இன்டர்நெட் லைன் முழுவதும் அதிலேயே அடைத்துக்கொண்டது.

மெஷின் முதல் சுற்றை முடித்தது. அடுத்த சுற்றுக்கான கணக்கைக் கேட்டது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா சுற்றியது. பிறகு கையைத் தூக்கிவிட்டு நின்றது.

மேஸ்திரி கவலைப்படாமல் இன்னொரு முறை பட்டனை அமுக்கினார். மெஷின் ஒரு மயிரிழை தள்ளி இறங்கியது. லென்ஸின் நடுவில் ஒரு வளையம் விழுந்தது.

அவர் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழிவுத் தொட்டியில் போட்டார்.

ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் மூன்றாம் மெஷினைச் சுற்றி நின்றார்கள். மருமகள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து தேடினாள்.

“நம்ம பக்கத்துல கணக்கு சரியாத்தான் இருக்கு. பதில் போயிருக்கு. ஆனா பதினோரு செகண்ட் கழிச்சுப் போயிருக்கு.” நிமிர்ந்து பார்த்தாள். “பதினோரு செகண்டுல என்ன கெட்டுப்போச்சு? ஏன் நின்னுது?”

“இந்தப் பழைய அஞ்சு மெஷினும் எட்டு செகண்டுக்கு மேல காத்திருக்காதும்மா” என்றார் மேஸ்திரி. “நடுவுல ஒரு தடவை கணக்கு கேட்கும். எட்டு செகண்ட்ல வரலைன்னா விட்டுடும். சர்வர் பக்கத்து அறையில இருந்த வரைக்கும் கேட்ட உடனே வந்துடும், தொல்லை இல்ல. சர்வரக்காவுக்குத் தெரியுமே.”

வெள்ளந்தியாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு தன் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினாள்.

அக்கா ஒரு வாரமாக மனசில் ஓட்டிப் பார்த்த காட்சி இதுதான். எல்லோரும் திண்டாடி நிற்கிறார்கள். மருமகள் வாளிமேல் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அந்தக் காட்சியில், எங்கேயோ ஒரு கடையில் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பெண் இல்லை.

“நான் சரியா கேட்காம விட்டுட்டேன் அத்தை” என்றாள் மருமகள், சட்டென்று. “என் தப்பு.”

அக்காவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திட்டு வாங்கக்கூட இவள் முந்திக்கொள்கிறாளே.

“அப்புறம் பேசலாம்” என்றாள் அக்கா. “பழைய சர்வர் ஓடிக்கிட்டுதான் இருக்கு. இந்த மெஷினை அதுல மாட்டிடலாம்.”

“நிறுத்தலையா?” என்றான் தம்பி.

அக்கா நேராக சர்வர் அறைக்குள் போனாள். மருமகள் பின்னாலேயே வந்தாள்.

அறையில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். அக்கா ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொரு துளையில் சொருகினாள். சீட்டைப் பார்க்காமலே அவள் கைக்குத் தெரியும். திரையைப் போட்டாள். புது ஆர்டர் இதில் வந்திருக்காது, கையால்தான் ஏற்ற வேண்டும்.

“நீ படி. நான் அடிக்கிறேன்.”

மருமகள் லேப்டாப்பைப் பார்த்துப் படித்தாள். வலது கண், இடது கண், பவர், அளவு. அக்கா அடித்தாள். மருமகள் பார்க்கிறாள் என்று வேண்டுமென்றே வேகமாக அடித்தாள்.

“ஒரு நிமிஷம் அண்ணி.”

“என்ன?”

“இடது கண் ஆக்சிஸ் பதினேழு. நீங்க எழுபத்தொண்ணு போட்டிருக்கீங்க.”

லென்ஸ் எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்று சொல்லும் எண் அது. மாறியிருந்தால் லென்ஸ் பார்க்க நன்றாகவே இருக்கும். போட்டுக்கொள்கிற பெண்ணுக்குத்தான் தரை சாய்ந்து தெரியும். பதினாலு வருஷத்தில் அக்கா இந்தத் தப்பைச் செய்ததில்லை. இன்றைக்கு, இவள் முன்னால்.

திருத்தினாள். “இன்னொரு தடவை முழுசா படி” என்றாள்.

மருமகள் படித்தாள். இரண்டு பேரும் ஒவ்வொரு எண்ணிலும் விரல் வைத்துப் பார்த்தார்கள்.

வெளியே வந்து அக்காவே மெஷின் பக்கத்தில் நின்றாள். மேஸ்திரியை விலகச் சொல்லித் தானே லென்ஸை மாட்டினாள். முதல் சுற்று முடிந்தது. மெஷின் கேட்டது. கேட்ட மூச்சிலேயே பதில் வந்து, நிற்காமல் அரைத்தது. அடுத்த கண்ணும் அப்படியே. லைனை அடைத்தது தான்தான் என்று புரிந்த தம்பி, ஏற்றிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, தப்பு செய்த முகத்தோடு தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் காத்திருந்தான். ஒன்றே முக்காலுக்கு லென்ஸ்களை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

இரண்டரைக்குக் கடைக்காரர் பேசினார். “மாட்டிவிட்டேம்மா. முதல்ல சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாங்க. ‘ஐயோ, மத்தியான ஷிப்டு’ன்னு ஓடிட்டாங்க. காசுகூட நாளைக்குத்தான்.”

பட்டறையில் சிரிப்பு. “சர்வரக்கா இல்லன்னா இன்னைக்கு அவ்வளவுதான்” என்றார் மேஸ்திரி. இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அந்தச் சொற்களுக்காகத்தான் அக்கா ஒன்பது நாள் காத்திருந்தாள். வந்தபோது உப்புச் சப்பில்லாமல் இருந்தன.

மூன்று மணிக்கு அம்மா இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“இப்ப சொல்லுங்க.”

“நான் கேட்ட கேள்வியே சரியில்ல அத்தை” என்று மருமகள் தொடங்கினாள். “மெஷின் எவ்வளவு நேரம் காத்திருக்கும்னு நான்...”

“நீ கேட்டே” என்றாள் அக்கா. “வேற ஏதாவது இருக்கான்னு கேட்டே. நான் இல்லன்னு சொன்னேன்.” அம்மாவைப் பார்த்தாள். “தெரிஞ்சேதான்மா சொன்னேன். மறந்து இல்ல.”

“ஏன்?”

எத்தனையோ நியாயம் தயாராக வைத்திருந்தாள். எல்லாவற்றையும் தள்ளி வைத்தாள்.

“இவளைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும்மா.”

சொன்னதும் கூச்சமாக இருந்தது. நாற்பத்தொரு வயசில், எட்டு வயசுப் பிள்ளை மாதிரி. மருமகள் தரையைப் பார்த்தாள்.

அம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

“ஒரு பொண்ணு அங்க கண்ணு தெரியாம உட்கார்ந்திருந்தா” என்றாள்.

“தெரியும்.”

“இன்னொரு லென்ஸும் போயிருந்தா ஒன்பது நாள்.”

“தெரியும்மா.”

“இதை நான் மறக்கமாட்டேன். நீயும் மறக்காதே.” அத்தோடு அந்தப் பேச்சை மடித்து வைத்தாள். “சரி, இப்ப வழி என்ன? எல்லாம் வெளிய போனா மெஷின் நிக்குது. எல்லாம் உள்ள இருந்தா ஒரு நாள் மொத்தமா படுக்குது.”

மருமகள் ஒரு ஆர்டர் சீட்டைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு இழுத்தாள். “அண்ணி, உள்ளயே இருந்தாகணும்னா எதெல்லாம்?”

அக்கா யோசித்தாள். இந்த முறை எதையும் ஒளிக்கவில்லை. “அரைக்கிற கணக்கு. அஞ்சு மெஷினுக்கும். அப்புறம் அலமாரியில என்ன லென்ஸ் இருக்குங்கற கணக்கு. லைன் அறுந்தாலும் அன்னைக்கு வேலை ஓடணும்.”

“கடைக்காரங்க ஆர்டர், பழைய ஆர்டர், எல்லாத்துக்கும் ஒரு நகல், இது வெளிய. வெளிய வர்ற ஆர்டர் தானா உள்ள இறங்கிடும். உள்ள இருக்கிறது படுத்தா வெளிய கொஞ்ச நேரம் தாங்கிக்கும். பழசை ஏத்தறதெல்லாம் வேலை நேரம் முடிஞ்சப்புறம்தான்.” மருமகள் கோட்டின் இரண்டு பக்கமும் எழுதினாள். “பாதி இங்க, பாதி அங்க. இதுக்கு ஹைப்ரிட்னு பேரு. முதல்லயே இப்படித்தான் யோசிச்சிருக்கணும். எல்லாத்தையும் புதுசாக்கிடணும்னு நான்தான் அவசரப்பட்டேன்.”

“பேரு உன்கிட்ட, ஏசி சத்தம் என்கிட்டயா?” என்றாள் அக்கா.

மருமகள் சிரித்துவிட்டாள். அக்காவுக்கும் உதடு கொஞ்சம் வளைந்தது.

அம்மா சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள்.

“பக்கத்து ஊர்ல ஒரு கட்டடம் பார்த்திருக்கேன். ரெண்டாவது பட்டறை. ரெண்டு இடத்துக்கும் ஆர்டர் ஒரே இடத்துல வந்தாகணும். அதுக்கும் சேர்த்துத்தான் இந்த மாத்தமெல்லாம்.”

அக்கா உறையைப் பார்த்தாள். அது பழையதாக இருந்தது, ஓரம் மடங்கியிருந்தது. “எத்தனை நாளா?”

“மூணு மாசம்.”

“இவளுக்குத் தெரியுமா?”

“தெரியும். தெரியாம எப்படித் திட்டம் போடுவா?”

கொஞ்சம் முன்னால் வந்த சிரிப்பு அக்காவிடமிருந்து காணாமல் போனது. பதினாலு வருஷம் கூட இருந்தவளுக்கு உறைகூடக் கண்ணில் காட்டவில்லை.

“அங்க ஒருத்தர் போய் முழுப் பொறுப்பா நடத்தணும்” என்றாள் அம்மா. “உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். நாளைக்குக் காலையில கட்டடத்துக்காரர் வர்றார். யார் பேர்ல எழுதறதுன்னு சொல்லியாகணும்.”

“அண்ணி போகட்டும் அத்தை” என்றாள் மருமகள்.

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள். போகட்டும் என்றால், போய்ப் பெரிய ஆளாகட்டும் என்றும் அர்த்தம். போய்த் தொலையட்டும், இங்கே அத்தையும் நானும் இருந்துகொள்கிறோம் என்றும் அர்த்தம். மருமகளின் முகத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

“உண்மையைச் சொல்லு” என்றாள் அக்கா. “உனக்குப் போக ஆசையில்லையா?”

“இருக்கு.” மருமகள் பேனாவைக் கீழே வைத்தாள். “மூணு மாசமா அந்த ஆசையிலதான் வேலை பார்த்தேன். அந்த இடம் எனக்குத்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணி. அவர்கிட்டகூடச் சொல்லல.”

“அப்புறம் ஏன் என்னைப் போகச் சொன்னே?”

“இன்னைக்கு நீங்க அந்த மெஷின் பக்கத்துல நின்னீங்க. அது அடுத்து என்ன செய்யும்னு பார்க்காமலே உங்களுக்குத் தெரியுது. பட்டறையே உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுது. என்னை யாரும் திரும்பிப் பார்க்கல.” அவள் ஆர்டர் சீட்டைத் தள்ளி வைத்தாள். “எனக்கு அப்படி வயிறு எரிஞ்சுது. இனிமே நானும் எதையாவது ஒளிச்சு வைப்பேன்னு பயமா இருக்கு. அதான், நீங்களே போயிடுங்கன்னு சொன்னேன்.”

இத்தனை வயசில் அக்காவைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. கேட்க இனிப்பாக இருந்தது. இனிப்பாக இருப்பது வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தையும் மீறி இனித்தது.

கதவு திறந்தது.

“என்ன முடிவு?” என்றாள் அம்மா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.